கரடியும் சால்மனும் சந்திக்காத காடு

மேசைமீது பரப்பி விளையாடும் அட்டை விளையாட்டுகள் அண்மைக் காலத்தில் இயற்கையின் பக்கம் திரும்பியுள்ளன. கோட்டை கட்டுவதும் நாடு பிடிப்பதும் குறைந்து, காடு வளர்ப்பதும் பறவை சேர்ப்பதும் மிகுந்து வருகின்றன. அவற்றுள் பெரும் பெயர் பெற்றது 'காஸ்கேடியா'. ராண்டி ஃப்ளின் என்பவர் வகுத்து, பெத் சோபெல் என்னும் ஓவியர் படம் தீட்டிய இவ்விளையாட்டு 2021இல் வெளிவந்தது. ஜெர்மனியில் ஆண்டுதோறும் சிறந்த விளையாட்டுக்கு வழங்கப்படும் பரிசு 2022இல் இதற்குக் கிடைத்தது. 2023இல் 'லேண்ட்மார்க்ஸ்' என்ற விரிவாக்கப் பெட்டியும் வந்தது. சூழலியல் கற்பிக்க ஏற்ற கருவி என்று இதனை ஆசிரியர்கள் சிலர் பரிந்துரைக்கக் கேட்டிருக்கிறேன். விளையாட்டு என்ற அளவில் இதன் சிறப்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இது எதைக் கற்பிக்கிறது, எதை மறைக்கிறது என்பது வேறு கேள்வி.

காஸ்கேடியா கற்பனை நாடன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம், வாஷிங்டன், ஆரெகன் மாநிலங்களையும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவையும் தழுவிக் கிடக்கும் நிலப்பரப்பை, அங்குள்ள காஸ்கேட் மலைத்தொடரின் பெயரால் இவ்வாறு அழைப்பர். மலை, காடு, புல்வெளி, ஈரநிலம், ஆறு என ஐந்து வகை வாழிடங்கள். கிரிஸ்லி கரடி, ரூஸ்வெல்ட் எல்க் மான், சினூக் சால்மன் மீன், செவ்வால் பருந்து, செந்நரி என ஐந்து விலங்குகள். இவையே விளையாட்டின் மூலப்பொருள்கள்.

விளையாடும் முறை எளிது. பெட்டியில் 85 அறுகோணத் துண்டுகள் உள்ளன. பெரும்பாலான துண்டுகளில் இரண்டு வாழிடங்கள் பாதிப் பாதியாகத் தீட்டப்பட்டிருக்கும்; எந்தெந்த விலங்கு அங்கே வாழலாம் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். துணிப்பை ஒன்றில் விலங்குக்கு 20 வீதம் 100 மர வில்லைகள். மேசை நடுவில் நான்கு துண்டுகளும் அவற்றின் கீழ் நான்கு வில்லைகளும் சோடி சோடியாக இருக்கும். முறை வரும்போது ஒரு சோடியை எடுக்க வேண்டும். துண்டை நமது நிலத்தோடு ஒட்டி வைத்து, வில்லையை அதற்குரிய துண்டொன்றில் வைக்க வேண்டும். மூன்று துண்டுகளோடு தொடங்கி, 20 முறை ஆடி, 23 துண்டுகள் கொண்ட ஒரு சிறு நிலத்துடன் ஆட்டம் முடியும். நமக்கு வேண்டிய துண்டு ஒரு சோடியிலும் வேண்டிய விலங்கு வேறொரு சோடியிலும் கிடப்பதுதான் ஆட்டத்தின் சுவை. பைன் காய் வடிவிலான வில்லை ஒன்று கையிலிருந்தால் அதைச் செலவிட்டு இரண்டையும் தனித்தனியே பொறுக்கிக் கொள்ளலாம்.

முதலில் இந்த விளையாட்டு நன்கு அறிந்து வைத்திருப்பதைச் சொல்லிவிடுவோம். அது நிலத்தின் வடிவியல்.

ஒரு தளத்தை இடைவெளியின்றி நிரப்பக்கூடிய ஒழுங்குப் பல்கோணங்கள் மூன்றே: முக்கோணம், சதுரம், அறுகோணம். சதுரக் கட்டத்தில் நான்கு அண்டைகள் பக்கத்தைத் தொடும். நான்கு மூலையை மட்டும் தொடும். மூலையில் தொடுவது அண்டையா, இல்லையா என்று வழக்கு வரும். அறுகோணத்தில் இத்தொல்லை இல்லை. ஆறு அண்டைகள், ஆறும் பக்கம் முழுவதையும் தொடுகின்றன. அண்டை உறவே மதிப்பெண்ணாகும் ஆட்டத்திற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது.

ஒவ்வொரு வகை வாழிடத்திலும் நமது மிகப் பெரிய தொடர்ச்சியான பரப்புக்கு மட்டும் துண்டுக்கு ஒரு மதிப்பெண். சிதறிக் கிடப்பவற்றுக்கு ஒன்றுமில்லை. இங்கே இயற்பியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய அழகான செய்தி ஒன்று உண்டு. எல்லையற்ற அறுகோணத் தளம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். நாணயம் சுண்டுவதுபோல ஒவ்வோர் அறுகோணத்தையும் ஒரு குறிப்பிட்ட நிகழ்தகவுடன் பச்சையாக்குகிறோம். நிகழ்தகவு சிறிதாக இருந்தால் பச்சைத் தீவுகள் மட்டுமே தோன்றும். அது 1/2ஐத் தாண்டியவுடன், தளத்தின் ஒரு கோடி முதல் மறுகோடி வரை அறுபடாத ஒரு பச்சைப் பரப்பு தோன்றிவிடும். சற்றுக் குறைந்தால் தீவுகள். சற்றுக் கூடினால் கண்டம். நீர் உறைவதுபோல இதுவும் ஒரு நிலைமாற்றம். ஊடுபரவல் கோட்பாடு எனப்படும் இதனை, துண்டு துண்டாகும் காடுகளை ஆராயும் சூழலியலார் 1980களிலிருந்து பயன்படுத்தி வருகின்றனர். காட்டின் பரப்பு சிறிதளவே குறைந்தாலும் தொடர்பு திடீரென்று அறுந்துபோவது ஏன் என்பதை அது விளக்குகிறது.

காஸ்கேடியாவில் ஒரு துண்டில் ஐந்து வாழிடங்களில் அதிகம் போனால் இரண்டு. ஆகவே ஒரு குறிப்பிட்ட வாழிடம், தாராளமாகக் கணக்கிட்டாலும், ஐந்தில் இரண்டு பங்கு துண்டுகளில்தான் இருக்கும்; அதிலும் பாதித் துண்டுதான் அதற்குரியது. இது 1/2ஐ விடக் குறைவு. எனவே கண்ணை மூடிக்கொண்டு துண்டுகளை அடுக்கினால் நீண்ட காடு உருவாகாது. அதை உருவாக்குவது ஆடுபவரின் அறிவு. வகுப்பில் ஒரு மணி நேரம் கரும்பலகையில் விளக்குவதை இந்த ஆட்டம் இருபது முறையில் விரல்களுக்கு உணர்த்திவிடுகிறது. இதற்காகவே ஆசிரியர்கள் இதனை வாங்கலாம்.

ஆனால் 'பெரிய பரப்புக்கு மட்டுமே மதிப்பெண்' என்னும் விதி அறிவியலில் முடிந்துபோன தீர்ப்பு அன்று. 1975இல் ஜாரெட் டயமண்ட், தீவு உயிர்ப்பரவல் கோட்பாட்டின் துணைகொண்டு, ஒரே அளவு நிலத்தில் பல சிறு காப்பகங்களைவிட ஒரு பெரிய காப்பகமே மேல் என்று வாதிட்டார். மறு ஆண்டே டேனியல் சிம்பர்லாஃப், லாரன்ஸ் ஏபெல் என்ற இருவர் அக்கோட்பாட்டிலிருந்து அப்படி ஒரு முடிவு கட்டாயமாக வராது என்று எதிர்த்தனர். வெவ்வேறு இடங்களிலுள்ள சிறு காப்பகங்களில் வெவ்வேறு உயிரினங்கள் இருக்குமானால் மொத்தத்தில் அவற்றிலேயே மிகுதி இருக்கக்கூடும். தீயோ நோயோ வந்தாலும் எல்லாம் ஒரே நேரத்தில் அழியா. இந்த வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. ஒரே பதில் எல்லா உயிருக்கும் பொருந்தாது என்பதே அதிலிருந்து கிடைத்த தெளிவு. விளையாட்டோ டயமண்டின் பக்கம் சேர்ந்து அதைச் சட்டமாக்கிவிட்டது. விளையாட்டுக்கு விதி வேண்டும், வழக்காடு மன்றம் தேவையில்லை என்பது சரியே. ஆயினும் மாணவர் இது ஒரு கட்சியின் கருத்து என்று அறிந்து ஆட வேண்டும்.

இப்பரப்புக்கு விளையாட்டு இட்டிருக்கும் பெயர் 'வழித்தடம்'. சூழலியலில் வழித்தடம் என்பது பெரும் பரப்பு அன்று. இரண்டு பெரும் பரப்புகளை இணைக்கும் ஒடுங்கிய பாதை. காஸ்கேட் மலையையே குறுக்கே வெட்டிச் செல்லும் 90ஆம் எண் நெடுஞ்சாலைமீது, ஸ்னோக்வால்மி கணவாய்க்குக் கிழக்கே, விலங்குகள் கடப்பதற்கென்றே மண்ணும் செடியும் பரப்பிய பாலம் ஒன்று 2010களின் இறுதியில் கட்டப்பட்டது. வழித்தடம் என்றால் அதுதான். பரப்பளவில் அற்பம்; பயனில் பெரிது. இந்த ஆட்டத்தில் அப்படிப்பட்ட ஒற்றைத் துண்டுக்குக் கிடைப்பது மற்றத் துண்டுகளைப்போல் ஒரே மதிப்பெண். ஆனால் அது இரண்டு பரப்புகளை ஒட்டவைக்கும் நேரத்தில் மதிப்பெண் துள்ளி ஏறும். பெயர் தவறினாலும் உட்கருத்து ஓரளவு தப்பிப் பிழைத்திருக்கிறது.

மற்ற இரண்டு சொற்களுக்கு அந்த நல்லூழ் இல்லை.

முதற்சொல் 'மிகைப்பெருக்கம்'. நடுவிலுள்ள நான்கு வில்லைகளும் ஒரே விலங்காக வந்துவிட்டால் மிகைப்பெருக்கம் என்று கூறி நான்கையும் மாற்றிவிட வேண்டும். மூன்று ஒன்றாக இருந்தால் விரும்பினால் மாற்றலாம். இது எத்தனை முறைக்கு ஒருமுறை நேரும்? கணக்கு கடினமன்று. 100 வில்லைகளிலிருந்து 4ஐ எடுக்கும் வழிகள் 39,21,225. ஒரே விலங்கின் 20 வில்லைகளிலிருந்து 4ஐ எடுக்கும் வழிகள் 4,845. ஐந்து விலங்குகளுக்கும் சேர்த்து 24,225. ஆகவே ஆட்டத் தொடக்கத்தில் நான்கும் ஒன்றாக வருவது ஏறத்தாழ 160 முறைக்கு ஒருமுறை. சரியாக மூன்று ஒன்றாக வருவதற்கு 4,56,000 வழிகள். ஏறத்தாழ 9 முறைக்கு ஒருமுறை. நிகழ்தகவுப் பாடத்திற்கு இது மிக நல்ல பயிற்சி. ஆனால் இதற்கும் மிகைப்பெருக்கத்திற்கும் என்ன தொடர்பு? காட்டில் மான் பெருகுவது உணவு மிகுவதாலோ, அதைத் தின்னும் விலங்கு மறைவதாலோ. பைக்குள் கையை விட்டதால் அன்று.

இரண்டாவது சொல் 'கீஸ்டோன்', அதாவது வளைவின் உச்சியில் நின்று மற்றக் கற்களைத் தாங்கும் ஆணிக்கல். ஒரே வாழிடம் கொண்ட துண்டுக்கு விளையாட்டில் இப்பெயர். அதில் உரிய விலங்கை வைத்தால் ஒரு பைன் காய் பரிசு. இச்சொல்லைச் சூழலியலுக்குக் கொண்டுவந்தவர் ராபர்ட் பெயின். வாஷிங்டன் மாநிலத்தின் கடற்கரையில், மக்கா விரிகுடாப் பாறைகளிலிருந்த நட்சத்திர மீன்களைத் தொடர்ந்து பிடுங்கி எறிந்துகொண்டே வந்தார் அவர். நட்சத்திர மீன் தின்று கட்டுப்படுத்தி வந்த சிப்பிகள் பாறை முழுவதையும் மூடின. 15 இனங்கள் வாழ்ந்த இடத்தில் 8 எஞ்சின. இதனை அவர் 1966இல் வெளியிட்டார்; 1969இல் அத்தகைய உயிரினத்திற்கு ஆணிக்கல் இனம் என்று பெயரிட்டார். ஒன்றை எடுத்தால் மற்றவை சரியும் என்பதே அச்சொல்லின் உயிர். அது பிறந்தது காஸ்கேடியாவின் கரையில்! அந்த மண்ணின் பெயரைத் தாங்கிய விளையாட்டில் அச்சொல் ஒரு பரிசுச் சீட்டின் பெயராகச் சுருங்கிவிட்டது. அந்தத் துண்டை எடுக்காமல் விட்டால் எதுவும் சரியாது. ஒரு பைன் காய் குறையும், அவ்வளவே.

குறையின் வேர் இங்கேதான் உள்ளது. விளையாட்டு நிலத்தை அறிந்திருக்கிறது. உயிர்களுக்கிடையே உள்ள உறவை அறியவில்லை.

முதல் தொகுதி மதிப்பெண் அட்டைகளைப் பாருங்கள். கரடிகள் சோடியாக இருக்க வேண்டும்: ஒரு சோடிக்கு 4, இரண்டுக்கு 11, மூன்றுக்கு 19, நான்கிற்கு 27. எல்க் மான்கள் நேர்கோட்டில் நிற்க வேண்டும். சால்மன்கள் கிளைவிடாத சங்கிலியாக நீள வேண்டும். பருந்து தனித்திருக்க வேண்டும். நரி மட்டுமே தன்னைச் சுற்றி எத்தனை வகை விலங்குகள் உள்ளன என்று பார்த்து, வகைக்கு ஒன்றாக மதிப்பெண் பெறும். அதாவது, ஐந்தில் நான்கு விலங்குகள் தம் இனத்தைத் தவிர வேறெதையும் பொருட்படுத்துவதில்லை. மற்றத் தொகுதிகளில் அண்டை விலங்கைக் கணக்கில் கொள்ளும் அட்டைகள் சில உள்ளன. அங்கும் எது எதைத் தின்னும் என்ற பேச்சே இல்லை. மானை வேட்டையாடும் ஓநாய் பெட்டியிலேயே கிடையாது.

வகைக்கு 20 என்ற சம எண்ணிக்கையும் இயற்பியல் படித்தவரை உறுத்தும். உயிர் உலகில் ஆற்றல் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்லும்போது பெரும்பகுதி வெப்பமாகவும் பிறவாறும் கழிந்துவிடுகிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மேலே செல்லும் என்பது பாடநூல் கணக்கு. ரேமண்ட் லிண்டமன் 1942இல் ஓர் ஏரியின் ஆற்றல் வரவு செலவை எழுதிய நாள் முதல் இது சூழலியலின் அடிப்படை. ஆகவேதான் இரை பலவாகவும் கொன்றுண்ணி சிலவாகவும் இருக்கின்றன. பருந்தும் மானும் கரடியும் மீனும் சம எண்ணிக்கையில் இருக்கும் காடு ஆற்றல் அழியாமைக் கணக்கில் அடங்காது.

எல்லாவற்றிலும் வியப்பு கரடியும் சால்மனும் ஒன்றையொன்று அறியாதிருப்பது. உண்மையான காஸ்கேடியாவின் பெருங்கதையே அவற்றின் சந்திப்புதான். சினூக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றில் ஏறி, முட்டையிட்டபின் இறக்கிறது. தனித்துத் திரியும் இயல்புடைய கரடிகள் அப்பருவத்தில் ஆற்றோரம் கூடுகின்றன. மீனைக் கவ்விக் கரையேறி, ஒரு பகுதியைத் தின்று மீதியைப் போட்டுவிட்டுச் செல்கின்றன. அது மக்கி மரங்களுக்கு உரமாகிறது. இது எப்படித் தெரிந்தது? நைட்ரஜனுக்கு நிலையான ஐசோடோப்புகள் இரண்டு. அணு எடை 14 உள்ளதே 99.6 விழுக்காடு, 15 உள்ளது மிகச் சிறிதளவு. கடலில் உண்டு வளர்ந்த மீனின் உடலில் இந்தக் கனமான நைட்ரஜனின் பங்கு சற்றுக் கூடுதல். சால்மன் ஏறும் ஆற்றோர மரங்களின் இலைகளை நிறமாலைமானியில் ஆராய்ந்தபோது அதே கூடுதல் அங்கும் தென்பட்டது. கடலின் நைட்ரஜன் கரடியின் வாய் வழியாக மரத்திற்குள் சென்றிருக்கிறது. இப்படிப்பட்ட செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, கரடிக்கு ஒரு மூலை, மீனுக்கு ஒரு மூலை என்று பிரித்துவைப்பது பெரிய வாய்ப்பை வீணாக்குவதாகும்.

இக்குறையை நீக்க முடியுமா என்று எங்கள் இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சிலருடன் நான்கு மாலைகள் சோதித்துப் பார்த்தோம். ஒரே ஒரு விதியைச் சேர்த்தோம்: கரடிச் சோடி சால்மனைத் தொட்டுக்கொண்டிருந்தால் 3 மதிப்பெண் கூடுதல். உடனே ஆட்டத்தின் முகம் மாறியது. எல்லாரும் ஆற்றோரம் கரடியை அடுக்கத் தொடங்கினர். கரடி வில்லைக்குப் போட்டி மூண்டது. இரண்டாம் நாள் ஒரு மாணவர் கேட்டார்: "சார், கரடி மீனைத் தின்ன பிறகும் மீன் வரிசை அப்படியே இருக்கே, அது எப்படி?" அவர் கேட்டது இந்த ஆட்டத்தின் ஆணிவேரைத் தொட்ட கேள்வி. வைத்த வில்லை அசையாது என்பது விதி. இங்கே பிறப்பில்லை, இறப்பில்லை, காலமே இல்லை. நிலையியல் உண்டு, இயக்கவியல் இல்லை. கூடுதல் மதிப்பெண் பெற்றவர் அந்தச் சால்மனைப் பைக்குத் திருப்ப வேண்டும் என்று விதியை மாற்றினோம். இப்போது கரடியை மீனருகில் வைத்தால் மீன் சங்கிலி அறுந்தது. வைக்காவிட்டால் கரடிக்கு ஊட்டமில்லை. சங்கிலியின் நடுவில் தின்பதைவிடக் கோடியில் தின்பது மேல் என்று மாணவர்கள் தாமே கண்டுகொண்டனர். ஆட்டம் நீண்டது, சற்று முரடாகவும் ஆயிற்று. ஃப்ளின்னின் விதிகளிலுள்ள நேர்த்தி எங்கள் ஒட்டு விதியில் இல்லை. ஆனால் பேச்சு முழுவதும் மதிப்பெண்ணைப் பற்றியிராமல் மீனைப் பற்றியும் இருந்தது.

விரிவாக்கப் பெட்டிக்கு வருவோம். இதனால் ஆறு பேர் வரை ஆடலாம். புதிய மதிப்பெண் அட்டைகளும் உண்டு. இதன் தனிச்சிறப்பு நிலக்குறிகள். ஒரு வாழிடத்தின் தொடர்ச்சி போதிய அளவு வளர்ந்ததும் அங்கே ஒரு நிலக்குறியை நடலாம். அதற்குரிய அட்டை ஒன்று கிடைக்கும். அது மதிப்பெண் தேட ஒரு புது வழியைத் திறக்கும். ஆனால் நிலக்குறி நட்ட துண்டில் பிறகு எந்த விலங்கையும் வைக்க முடியாது. வகுத்தவர்கள் இதை ஆட்டத்தின் சமநிலைக்காகவே வைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. ஆயினும், இரண்டு பெட்டிகளிலும் சேர்த்து, ஒன்றைப் பெற ஓர் உயிரின் இடத்தை இழக்க வேண்டும் என்று சொல்லும் ஒரே விதி இதுதான். விரிவாக்கத்தில் எனக்குப் பிடித்ததும் இதுவே. மற்றபடி அது ஆட்டத்தை அகலமாக்குகிறது, ஆழமாக்கவில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்தால் தன் முறைக்குக் காத்திருக்கும் நேரம் அதிகம். அடுத்தவர் நிலத்தோடு நமக்கு உறவு குறைவாதலால் அக்காத்திருப்பில் செய்வதற்கும் ஒன்றுமில்லை.

விளையாட்டு விளையாட்டாகவே இருக்கட்டுமே, சதுரங்கத்தில் யானை நேர்கோட்டில் ஓடுகிறதே என்று வாசகர் கேட்கலாம். சதுரங்கம் யானையைப் பற்றிக் கற்பிப்பதாக எவரும் சொல்வதில்லை. இங்கே சொல்கிறார்கள். மேலும் கரடியின் நிலைமை வேறு. வடகாஸ்கேட் மலைகளின் அமெரிக்கப் பகுதியில் கிரிஸ்லி கரடி உறுதியாகக் காணப்பட்டது கடைசியாக 1996இல். வேறு இடங்களிலிருந்து ஆண்டுக்கு 3 முதல் 7 வரை கரடிகளைக் கொண்டுவந்து, முதற்கட்டமாக 25 கரடிகள் கொண்ட கூட்டத்தை உருவாக்குவதென்று அமெரிக்க அரசுத் துறைகள் 2024இல் முடிவு வெளியிட்டன. அம்மலைப் பகுதி முழுவதற்கும் விஞ்ஞானிகள் குறித்த தொடக்க இலக்கு 25. நமது துணிப்பையில் 20 இருக்கின்றன, கேட்டவுடன் கைக்கு வருகின்றன. ஆட்டம் முடிந்து வில்லைகளைப் பைக்குள் போடும்போது இவ்விரு எண்களையும் ஆசிரியர் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

வாங்க எண்ணுவோர் முதற்பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். அயல்நாட்டுப் பெட்டியாதலால் விலை நம் கல்லூரி நூலகங்களுக்குச் சற்று மிகையே. நான்கைந்து துறைகள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்வது நலம். துண்டுகளில் படங்களே உள்ளன. மதிப்பெண் அட்டைகளின் ஆங்கில வரிகளை ஒரு தாளில் தமிழாக்கி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தால் பள்ளி மாணவர்களும் துணையின்றி ஆடலாம். எட்டாம் வகுப்புக்குக் கீழ் உள்ளோர்க்கு முதல் தொகுதி அட்டைகளே போதும்.